பர்மா பூதம் துக்கத்துக்குப் போன நாள்

"உஸ்தாத், நாச்சிமுத்து செத்துப்போயிட்டான். நான் போகலாமா, கூடாதா?"

காலை எட்டு மணிக்கு அருளானந்து வாசலில் நின்று இப்படிக் கேட்டான்.

உஸ்தாத் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"எப்போ?"

"விடியக்காலையிலே. பரமத்தியிலே, அவன் வீட்டுலேயே."

"உள்ளே வா."

"பதில் சொல்லுங்க, வர்றேன்."

"பதில் என்ன, வாசல்லேயா கிடக்கு? வா."

ஈரோட்டில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சந்தில் உஸ்தாதின் வீடு இருந்தது. அந்தச் சந்தில்தான் அருளானந்தும் நாச்சிமுத்தும் குஸ்தி கற்றார்கள். முதல் ஆறு மாதம் உஸ்தாத் பிடி எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. விழுவதற்கு மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

"விழத் தெரியாதவன்கூட எவன்டா சண்டை போடுவான்?" என்பார்.

அதெல்லாம் இருபது வருடத்துக்கு முந்தைய கதை.

ஊர் ஊராகக் கொட்டகை போட்டுக் குஸ்தி நடத்துவார்கள். சேலம், ஈரோடு, கரூர், கோயமுத்தூர் எல்லாம் ஒரு காண்ட்ராக்டரின் எல்லை. மதுரைப் பக்கம் வேறொருவரின் எல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் இன்னொருவருடையது. யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று காண்ட்ராக்டர் முந்தின நாளே சொல்லிவிடுவார். பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரியாது. தெரியவும் கூடாது.

அருளானந்து எல்லா எல்லைகளிலும் தோற்றவன்.

மதுரையில் அவன் பெயர் மலேயா முரடன். தஞ்சாவூரில் முகமூடி. இங்கே பர்மா பூதம். அவன் பிறந்தது திண்டுக்கல். பர்மாவை அவன் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எந்தச் சுவரொட்டியிலும் அவனுடைய சொந்தப் பெயர் வந்ததில்லை.

நாச்சிமுத்து கொங்குச் சிங்கம். அவன் ஜெயிக்கிறவன்.

பதினாலு வருடம் இருவரும் மோதினார்கள். நானூறு தடவைக்கு மேல் இருக்கும். பூதம் கண்ணை நோண்டும், மண்ணை வாரி இறைக்கும், காதைக் கடிக்கும். கடைசியில் சிங்கம் அதைத் தூக்கி எறியும்; இரண்டு தோளும் மண்ணில் பட்டபடி, மூன்று எண்ணும் வரை அது எழாது. கொட்டகை அதிரும்.

கோதாவுக்கு வெளியே இருவரும் சேர்ந்து நிற்கக் கூடாது என்பது தொழில் சட்டம். ஒரே பஸ்ஸில் போகக் கூடாது. ஒரே ஓட்டலில் சாப்பிடக் கூடாது. உள் விஷயத்தை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது.

அருளானந்து சட்டத்தை அப்படியே காத்தான். அவன் மனைவி லூர்து, நாச்சிமுத்து என்ற பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன் புருஷனை நானூறு தடவை அடித்தவன் ஆயிற்றே.

ஆகவே அவர்கள் பேசிக்கொள்ள ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஒருவன் கழுத்தை ஒருவன் இறுக்கும்போது வாய் காதருகே வரும். அப்போது பேசுவார்கள்.

"உன் மூத்தவளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"விட்டுச்சு. நீ என்னடா இளைச்சுப்போயிட்டே?"

"ஓட்டல் சோறு. சரி, இப்ப என் கண்ணை நோண்டு."

"வலதா, இடதா?"

"போன வாரம் வலது. சனத்துக்கு ஞாபகம் இருக்கும். வலதே நோண்டு, புண்ணுன்னு நினைச்சு இன்னும் கத்துவாங்க."

பதினாலு வருடச் சிநேகிதம் இப்படித்தான் வளர்ந்தது.

உஸ்தாத் ஒரு லோட்டாவில் தண்ணீர் கொடுத்தார். அருளானந்து குடிக்கவில்லை.

"காண்ட்ராக்டர் என்ன சொல்றார்?"

"போகவே கூடாதுங்கிறார். பூதம் போய் அழுதா, பதினாலு வருசம் பார்த்ததெல்லாம் பொய்யின்னு ஊருக்குத் தெரிஞ்சுபோயிருமாம். அவன் ஜெயிச்சதெல்லாம் பொய்யாப் போயிருமாம். அது நிசம்தானே உஸ்தாத்? அவன் சம்சாரம் பாவாயிக்கு அது ஒண்ணுதானே மிச்சம்?"

"அப்போ போகாதே."

"போகணும்."

"ஏன்?"

அருளானந்து லோட்டாவைக் கீழே வைத்தான்.

"போன ஞாயித்துக்கிழமை கோபியிலே ஆட்டம். அவன் வயித்துலே முழங்காலை இறக்கினேன். எப்பவும் இறக்கற மாதிரிதான், பூப்போல. 'ஐயோ, வயிறு'ன்னு கத்தினான்."

"கத்தறதுதானே வேலை."

"அதான் உஸ்தாத். நல்லா கத்தறான்னு நினைச்சேன். இத்தனை வருசத்துலே அவன் அவ்வளவு நல்லாக் கத்தினதே இல்லை. சனம் எந்திரிச்சு நின்னுருச்சு. அதனாலே இன்னொரு தடவை இறக்கினேன்."

உஸ்தாத் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உள்ளே புண்ணு இருந்துச்சாம். உடைஞ்சிருச்சாம். நாலு நாள் கிடந்திருக்கான். என்னாலேதானா, எப்படியும் உடைஞ்சிருக்குமா? டாக்டருக்கே தெரியலையாம். நான் அவன்கிட்டே மன்னிப்புக் கேக்கணும்."

"செத்தவன்கிட்டேயா?"

"அவன் காதுகிட்டே."

உஸ்தாத் வெங்காயத் தோலைக் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு கேட்டார்:

"சரி, யாரு போறது?"

"நான்தான்."

"நான்னா?"

"அருளானந்து."

"அந்த ஊரிலே அருளானந்து யாரு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் உஸ்தாத் மேலே சொன்னார்:

"வழியிலே போறவன் வந்து அழுதா யாரு வழி விடுவாங்க? அந்த ஊருக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான். அவன் போகட்டும்."

"பூதம் போனா கல்லாலே அடிப்பாங்க உஸ்தாத்!"

"வாங்கிக்கோ. வேற என்ன தொழில் தெரியும் உனக்கு?"

உஸ்தாத் அடுப்படிக்குப் போனார். சோற்றுப் பானையைக் கவிழ்த்து, அடிக்கரியை விரலில் தடவி எடுத்து வந்தார். ஆட்டத்துக்கு முன்பு செய்வது போலவே அருளானந்தின் புருவங்களைத் தடிப்பாக எழுதினார். கண்ணைச் சுற்றி வளைத்துப் பூசினார்.

"அழுதா கரையும். பார்த்துக்கோ."

பஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பரமத்தியில் அவன் தெருவுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. துக்க வீட்டில் யாரும் யாரையும் வா என்று சொல்வதில்லை. அன்று அவனுக்கு அது வசதியாயிற்று.

"பூதம்டா!"

"கொன்னுபோட்டுப் பார்க்க வந்திருக்கான் பாரு, நெஞ்சழுத்தம்!"

ஒருவன் குனிந்து கல் எடுத்தான். ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்தார்.

"எழவு வீட்டுலே கல்லு எறியறதாடா? கீழே போடு. அவன் வந்த காரியம் என்னன்னு பார்ப்போம்."

பந்தலில் ஒரு கயிற்றுக் கட்டிலில் நாச்சிமுத்து கிடந்தான். மாலைகள் கழுத்து வரை மூடியிருந்தன. முகம் மட்டும் தெரிந்தது. மூக்குக்கு அடியில் தோல் மஞ்சளாகியிருந்தது. கொட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பாவாயி எழுந்தாள். அவன் தோள் உயரம்கூட இல்லை.

"எதுக்கு வந்தே?"

அவனுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தன. எதையும் அவன் சொல்ல முடியாது. தொண்டையைக் கரகரவென்று செருமி, கொட்டகையில் பேசும் குரலில் பேசினான்.

"இருபது வருசத்துலே என்னை ஒருத்தனும் தூக்கிப் போட்டதில்லை. இவன் ஒருத்தன்தான் போட்டான். இனிமேலும் ஒருத்தனும் பிறக்கப் போறதில்லை. அதை இவன் ஊரிலே சொல்லிட்டுப் போக வந்தேன்."

கூட்டம் நெருங்கி வந்தது.

பாவாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை ஓங்கிக் கன்னத்தில் அறைந்தாள்.

அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. கொட்டுக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மூட்டை நெல்லைத் தூக்கும் ஆட்களின் அடியை நின்ற இடத்தில் வாங்கியவன் அவன். அன்று அவன் கால்கள் தரையை விட்டன. உடம்பு ஒரு சுற்றுச் சுற்றியது. மல்லாந்து, இரண்டு தோளும் மண்ணில் பட, கட்டிலை ஒட்டி விழுந்தான். அவன் வாழ்க்கையில் ஒரு தடவைகூட அப்படி விழுந்ததில்லை.

கூட்டத்தில் யாரோ பழக்கதோஷத்தில் "ஒண்ணு" என்றார்கள்.

அவன் தலைக்கு நேர்மேலே, கட்டிலின் விளிம்பில், நாச்சிமுத்தின் காது இருந்தது. தலையைச் சற்றுத் தூக்கினால் போதும்.

"நீ கத்தினது நிசம்னு எனக்குத் தெரியலைடா" என்றான்.

"ரெண்டு."

"கொஞ்சம் மெதுவா, என் காதுலே சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"மூணு!"

இப்போது பத்துப் பதினைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. எண்ணி முடித்ததும் எல்லோருக்கும் வெட்கமாகப் போயிற்று. பெண்கள் மறுபடி அழத் தொடங்கினார்கள். கொட்டும் தொடங்கியது.

தோற்றவன் எழுந்து போகவேண்டும். அதுதான் வழக்கம். அவன் நான்கு காலில் ஊர்ந்து பந்தலைத் தாண்டி, பிறகு எழுந்து நடந்தான். முதுகுக்குப் பின்னால் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது:

"ஒரே அடியிலே சாச்சுட்டாளே! சிங்கத்தோட பொண்டாட்டின்னா சும்மாவா!"

பொழுது சாய்வதற்குள் ஈரோட்டுக்கு வந்துவிட்டான். உஸ்தாத் முற்றத்தில் தொழுகைக்குக் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"பேசினியா?"

"பேசினேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை உஸ்தாத்."

அவன் முகத்தில் கரி கோடு கோடாக இறங்கியிருந்தது. உஸ்தாத் ஈரத் துண்டால் அதைத் துடைத்தார். குழந்தைக்குத் துடைப்பது போல் மெதுவாகத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவன் நடந்ததைச் சொன்னான். அறை வாங்கியதைச் சொன்னபோது அவர் கை நின்றது.

"எந்தக் கன்னம்?"

"இடது."

முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"காட்டு வேலை செய்யற கைடா அது. ஒரு விரல்கூடப் பதியலையே."

"வலிக்கவும் இல்லை உஸ்தாத். நல்லா வலிக்கணும்னுதான் கன்னத்தைக் காட்டிக்கிட்டு நின்னேன். துக்கத்துலே எனக்கு உறைக்கலை போலிருக்கு."

"சத்தம்?"

"கொட்டு நின்னுபோச்சு."

உஸ்தாத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். வலது கையை விரித்தார். ஆற்றில் தண்ணீர் மொள்ளுகிறவரைப் போல உள்ளங்கையை மெல்லக் குழித்தார். தன் தொடையில் ஓங்கி அடித்தார்.

கூரையில் இருந்த குருவிகள் எழுந்து பறந்தன.

"இப்படி அடிச்சா சத்தம் வரும், வலி வராது. இதை நான் ஆயுசிலே உங்க ரெண்டு பேருக்குத்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார் உஸ்தாத். "அவளுக்கு யாருடா சொல்லிக் குடுத்தது?"