வாக்குச்சாமியின் ஓலை

முன்னொரு காலத்தில், ஏரி நிறைந்தால் ராஜா சிரிப்பார், ஏரி வற்றினால் யாரையாவது அழவைப்பார் என்று பேரெடுத்த ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுத் தலைநகரின் தேரடித் தெருவில் பிச்சாண்டி என்று ஒருவன். பிச்சாண்டி என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். வாக்குச்சாமி என்று தனக்குத்தானே பேர் வைத்துக்கொண்டவன் ஆயிற்றே! "எல்லையம்மா என் நாக்குலதான் குந்தியிருக்கா" என்பான். மழை வரும் என்று சொல்வான், வெயில் கொளுத்தும். ஆனால் குரல் இருக்கிறதே, அது குரல்! தேரடியில் நின்று கத்தினால் கோட்டை வாசலில் கட்டியிருக்கும் குதிரைகள் காதைத் தூக்கும். சனங்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுக் கூழும் ஊற்றுவார்கள்.

இன்னொரு கிறுக்கும் அவனுக்கு உண்டு. அந்த ஊர் ஏரித் தலைவரைக் குடவோலை போட்டுத்தான் எடுப்பார்கள். நிற்பவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். கோயில் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வந்தவர் ஒரு வருடம் ஏரிக்கு அதிகாரி. ஒருமுறை இருந்தவர் மறுவருடம் நிற்கக்கூடாது என்பதால், மந்திரி மழவராயரின் மச்சானும் மச்சானின் தம்பியும் மாறி மாறி வந்துகொண்டிருந்தார்கள். அது எப்படி என்று கேட்கிற தைரியம் யாருக்கு?

வாக்குச்சாமி பத்தொன்பது வருடம் நின்றான். "இந்தத் தடவை என் ஓலைதான் வரும்!" என்று பத்தொன்பது தடவையும் ஊரைக் கூட்டிச் சொன்னான். ஒரு தடவையும் வரவில்லை. அன்று மட்டும், தினமும் படுக்கிற அக்கா வீட்டுத் திண்ணைக்குக்கூட வராமல் எங்கேயோ போய் அழுவான். மறுநாள் பழையபடி தேரடி.

இருபதாவது வருடம் குடவோலைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஏரிக்குக் குளிக்கப் போனவன், வடக்கு மடைக்குப் பக்கத்தில் கரையின் அடியிலிருந்து சேறும் தண்ணீருமாகக் கசிவதைப் பார்த்தான். காலை வைத்தான், கணுக்கால் வரை உள்ளே போயிற்று. கரைக்குக் கீழே கீழத்தெரு. அங்கேதான் அவன் அக்கா நான்கு பிள்ளைகளோடு இருக்கிறாள். விழுந்தடித்து ஓடிவந்து, "வடக்கு மடை பிச்சுக்கப் போவுதுய்யா! கீழத்தெருவே தண்ணியில போவப் போவுது!" என்று கத்தினான்.

அவன் வாழ்நாளில் அம்மன் சொல்லாமல், சொந்தக் கண்ணால் பார்த்துச் சொன்ன ஒரே சேதி அதுதான். யாருக்கு வித்தியாசம் தெரியும்? வழக்கம்போலச் சிரித்தார்கள்.

மந்திரி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கரையைச் செப்பனிட்டவன் அவர் மச்சான். மண்ணுக்குப் பதில் எதைப் போட்டு அடைத்தான் என்பது அவருக்குத் தெரியும். ராஜாவிடம் போய், "மகாராஜா, ஒரு பைத்தியம் குடிமக்களைக் கலங்கடிக்கிறான். அவன் வாக்கைச் சபையில் சோதிக்கவேண்டும்" என்றார். ராஜாவுக்கு வேடிக்கை என்றால் கரும்பு. இழுத்துவரச் சொன்னார்.

"வாக்குச்சாமியாரே! நாளைக் காலையில் குடவோலை. உம் ஓலை வருமா, வராதா? சொன்னது பலித்தால் கேட்டதைத் தருவேன். பொய்த்தால் அந்த நாக்கு எனக்கு."

வாக்குச்சாமி கண்ணை மூடிக்கொண்டான். அம்மனைக் கூப்பிட்டுப் பார்த்தான், பதில் இல்லை. மந்திரி மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். இவன் "வரும்" என்றுதான் சொல்வான்; குடமோ தன் கையில் என்பது அவர் கணக்கு.

அரண்மனை விகடர் சோலையப்பர், கீழே கிடந்த வாக்குச்சாமியின் துண்டை எடுத்துக் கொடுப்பவர்போல அருகில் வந்து குனிந்தார். "வராதுன்னு சொல்லுடா."

"என்ன சாமி இது? பத்தொம்பது வருசமா வரும்னு சொன்ன வாயி..."

"கீழத்தெருவுல உன் அக்கா இருக்காளா இல்லையா? சொல்லு."

கிண்டல் செய்கிறாரா, காப்பாற்றுகிறாரா? விகடர்களை எப்படி நம்புவது? அதைவிட, 'வராது' என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டால் இத்தனை வருடம் கத்தியதெல்லாம் என்ன? வெறும் பிச்சாண்டியா அவன்? அவமானத்தில் கண் கலங்கியது. அக்காவின் கடைக்குட்டி நினைவுக்கு வந்தது.

"வராது!" என்று கத்தினான். "நாளைக்கு என் ஓலை வராது!"

சபை திகைத்தது. மந்திரியின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. அன்றுதான் முதல் மடை திறக்கும் நாளும்; உழவர்கள் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள். ஒரு பக்கம் குடம். இன்னொரு பக்கம் கத்தியோடு தண்டனைக்காரன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றான் வாக்குச்சாமி.

பூசாரி கண்ணை மூடினார், கையை விட்டார், ஓலையைப் பிரித்தார்.

"வாக்குச்சாமி என்கிற பிச்சாண்டி!"

இருபது வருட ஆசை! ஒரு கணம் அவனுக்குச் சிரிப்பு வந்தது, நிஜமான சிரிப்பு. அடுத்த கணம் தண்டனைக்காரனைப் பார்த்தான். "பாவி மனுசா, கெடுத்திட்டியே!" என்று சோலையப்பரைப் பார்த்து அலறினான். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"வாக்கு பொய்த்தது. அறுங்கள்" என்றார் மந்திரி, ராஜாவுக்கு முந்திக்கொண்டு.

தண்டனைக்காரன் தாடையைப் பிடித்துவிட்டான். கத்தியின் சில்லிப்பு உதட்டில் பட்டது.

"மகாராஜா, ஒரு சிறு சந்தேகம்" என்றார் சோலையப்பர், மண்டபச் சுவரில் பதித்திருந்த கல்லைக் காட்டி. "இந்தக் கல்லில் என்ன வெட்டியிருக்கிறது? எனக்குக் கண் மங்கல்."

ராஜாவே வாசித்தார். "ஏரித் தலைவன் கரையில் நின்று தன் வாயால் கூவினாலொழிய எந்த மடையும் திறக்கலாகாது. மீறியவன் தலை போகும். இது ராஜ ஆணை."

"மச்சானைக் கேட்காமல் யாரும் மடையைத் தொடக்கூடாது என்று மந்திரியார் சென்ற வருடம் கேட்டு வாங்கிய ஆணை. இன்றைய தலைவன் இவன். நாக்கைத் தாராளமாக அறுக்கச் சொல்லுங்கள். மடை திறக்கக் கூவுவது யார்? கூவாமல் திறந்தால் யாருடைய தலை?" என்றார் சோலையப்பர்.

உழவர்கள் முணுமுணுத்தார்கள். மண்வெட்டிகள் தரையில் தட்டின.

"நாக்கில்லாதவன் தலைவன் அல்லவே! மறுபடி ஓர் ஓலை எடுக்கலாம்!" என்று மந்திரி பாய்ந்தார்.

"பேஷாக எடுக்கலாம்" என்று சோலையப்பர் குடத்தைக் கவிழ்த்தார்.

முப்பது ஓலைகள் விழுந்தன. ராஜா ஒன்றை எடுத்தார், பிச்சாண்டி. இன்னொன்று, பிச்சாண்டி. பத்தாவது ஓலையில் அவர் முகம் சிவந்துவிட்டது.

"பாவம், எழுதியவருக்குக் கை வலித்திருக்கும்" என்றார் சோலையப்பர். "இவன் பெயரை எப்போதும்போலக் குடத்தில் போடாமல் விட்டிருந்தால், 'வராது' என்ற வாக்கு பலித்திருக்கும். வடக்கு மடையைத் தோண்டிப் பாருங்கள் என்று இவன் கேட்டிருப்பான். பொய்யாக்கவேண்டும் என்று இவன் பெயரையே நிரப்பியதால் இவனே தலைவன். இனி யாரையும் கேட்கவேண்டியதில்லை."

மந்திரி மெல்ல வாசல் பக்கம் நகரப் பார்த்தார்.

"நாக்கு அப்புறம். முதலில் மடை" என்று எழுந்தார் ராஜா.

வாக்குச்சாமி கரையில் நின்று கூவினான். பாரம் குறையத் தெற்கு மடையைத் திறக்கச் சொன்னான். வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. பிறகு வடக்கே தோண்டச் சொன்னான். மண்ணுக்குப் பதில் கரைக்குள்ளிருந்து அழுகின வைக்கோல் கட்டுக்கட்டாக வந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கீழத்தெரு இல்லை. ஓடிவந்து பார்த்த அக்கா தம்பியின் தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டு, கட்டிக்கொண்டு அழுதாள்.

பொழுது சாய்வதற்குள் மந்திரியும் மச்சானும் மச்சானின் தம்பியும் தலையில் மண்கூடையோடு கரை ஏறிக்கொண்டிருந்தார்கள். ராஜா தம் தோள் சால்வையைச் சோலையப்பருக்குப் போர்த்தினார். பிறகு வாக்குச்சாமியைப் பார்த்தார்.

"தலைவரே, உம் வாக்கு இன்றும் பொய்த்ததுதானே? இன்னொரு தடவை பார்ப்போம். அடுத்த வருடம் உம் ஓலை வருமா?"

அவன் விகடரைப் பார்க்கவில்லை. ஒருமுறை இருந்தவர் மறுவருடம் நிற்கமுடியாது என்று அவனுக்கே தெரியும். மூச்சை இழுத்துக்கொண்டு, "வராது மகராசா!" என்று கத்தினான். கோட்டை வாசலில் குதிரைகள் காதைத் தூக்கின.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாக்கு உம்மிடமே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த வருடம் அந்த வாக்கு அப்படியே பலித்தது.