டாக்டரின் வெள்ளை வண்டி

“மாஸ்டர், இதுல எதுதான் நிஜமா வண்டி ஓட்டுறது? இன்னைக்கு நீங்க ஒரு தீர்ப்பு சொல்லியே ஆகணும்” என்றார் பல் டாக்டர் ஞானப்பிரகாசம்.

மாஸ்டர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர்தான் குரு. வயது இருபத்தெட்டு. பெயர் ஷஹானா. நிஜ ரேஸ் வண்டி ஓட்டியவர். மணிக்கட்டு உடைந்த பிறகு, கோயம்புத்தூரில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் சிமுலேட்டர்கள் போட்டு, வந்தவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்.

சீடரான டாக்டருக்கு வயது நாற்பத்தாறு. ஊரில் பாதிப் பேரை வாயைத் திறக்கச் சொல்கிறவர். இந்த மாடிக்கு வந்தால் அவர் வாய் மூடாது.

“எதுக்கும் எதுக்கும் நடுவுலங்க தீர்ப்பு?” என்று கேட்டார் மாஸ்டர்.

“சிமுலேட்டருக்கும், அந்தப் பெயின்ட் அடிக்கிற கேமுக்கும்.”

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிமுலேட்டரில் நிஜ சீட் உண்டு, நிஜ ஸ்டியரிங் உண்டு. பிரேக்கைக் கொஞ்சம் பிந்தி மிதித்தால் வண்டி மண்ணில் போய் நிற்கும். மன்னிப்பே கிடையாது.

இன்னொரு கேமில் எங்கே கொண்டுபோய் இடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதில் ஓட்டுவதைவிட வண்டிக்குச் சிங்காரம் பண்ணுவதுதான் பெரிய வேலை. சக்கரம் மாற்றலாம், றெக்கை வைக்கலாம், கதவில் படம் வரையலாம்.

டாக்டரும் அங்கிருந்து வந்தவர்தான். அவரும் மனைவி அமலியும் பல வருஷம் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் ஆடினார்கள். அவள் வரைவாள், அவர் ஓட்டுவார்.

ஒரு கிளிப்பச்சை வண்டி. கூரை முழுக்க வெட்டின தர்பூசணி. விதைகளை மட்டும் டாக்டர்தான் வைக்க வேண்டும். “பொறுமையா ஒண்ணொண்ணா வைக்க உங்களாலதான் முடியும்” என்பாள் அமலி.

பிறகு யாரோ அவருக்குச் சிமுலேட்டரைக் காட்டிவிட்டார்கள். வீட்டின் பின்னறையிலும் ஒன்று வந்து இறங்கியது. ஒரே ஒரு சீட். காதில் ஹெட்போன். கதவு சாத்தியே இருக்கும்.

“சரிங்க, இப்ப என்ன அவசரம்?” என்றார் மாஸ்டர்.

“நாளைக்கு அவ திருச்சிக்குப் போறா மாஸ்டர். ரயில்வே ஆஸ்பத்திரியில நர்ஸ். மாற்றல் கேட்டு வாங்கியிருக்கா. என்கிட்ட முதல்லயே சொன்னாளாம். நான் ‘சரி, போ’ன்னு சொன்னேனாம். காதுல ஹெட்போன் இருந்திருக்கு. எப்போ சொன்னான்னே எனக்குத் தெரியலை.”

மாஸ்டர் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

“ஒரு கேம் விஷயத்துக்காக யாராவது ஊரை விட்டுப் போவாங்களா? ‘உன்னுது சின்னப்புள்ள வெளையாட்டு, என்னுதுதான் நிஜம்’னு ஒரு தடவை சொன்னேன். அதுல என்ன தப்பு? அப்புறம் கொஞ்ச நாள், நான் கதவைத் திறந்து வெளிய வந்தா என் மூஞ்சியையே பாப்பா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைம்பா. இப்போ பாக்கிறதும் இல்லை.”

டாக்டருக்குப் பயமாக இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. அவளும் போய்விட்டால் அங்கே அவரும் அந்த ஒற்றை சீட்டும்தான்.

“நீங்க நிஜ ரேஸ் ஓட்டினவங்க. நீங்க சொன்னா அவ கேப்பா. எது நிஜம்னு சொல்லுங்க, போய்ச் சொல்லிடறேன்.”

மாஸ்டர் உள்ளங்கையில் இருந்த கடலைத் தோலை ஊதினார்.

“உங்க வண்டி என்ன கலருங்க டாக்டர்?”

“எந்த வண்டி?”

“இங்க ஓட்டற வண்டி.”

“வெள்ளை. கொடுக்கும்போதே வெள்ளை, நான் அதைத் தொடவே இல்லை. கலரா ஓடுது மாஸ்டர்? இன்ஜின்தானே ஓடுது?”

பக்கத்து சீட்டில் இருந்த பம்புசெட் கம்பெனி நஞ்சப்பன் இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது அவருக்குக் கோபம் வரும்.

“போன மாசம் இதே கேள்வியை இவரு கேட்டப்போ, ‘ஒரு வாரம் ஓட்டாதீங்க, இங்க ஓட்டற வண்டிக் கதவுல ஒரு மயில் வரைங்க’ன்னு சொன்னீங்க. நான் கேட்டா கலர் என்னங்கிறீங்க. ஆளுக்கு ஒரு பேச்சா?”

“ஆமாங்க” என்றார் மாஸ்டர்.

“மயிலு கோழியாட்டத்தான் வந்துச்சு” என்றார் நஞ்சப்பன். “ஆனா மனசுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.”

“ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க டாக்டர். ரேஸ் ஆரம்பிக்கப் போகுது.”

“என் கேள்வி?”

“ஓட்டுங்க.”

டாக்டர் ஷூவைக் கழற்றினார். அந்த மாடியில் எல்லாரும் சாக்ஸோடுதான் ஓட்டுவார்கள். பிரேக் எவ்வளவு இறங்குகிறது என்று பாதத்துக்குத் தெரிய வேண்டுமாம்.

தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டார். உங்கள் வண்டி இதுதான் என்று திரையில் சுற்றிக் காட்டும் பக்கம் வந்தது. டாக்டர் பெல்ட்டை மாட்டக் குனிந்தபடியே, வழக்கம்போல அதைப் பார்க்காமல் அமுக்கித் தாண்டினார். சிங்காரம் பார்க்கிற பழக்கத்தை அவர் விட்டு நாளாகிறது.

வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டால் கறுப்பு டாஷ்போர்டு தெரியும், ஸ்டியரிங் தெரியும், கண்ணாடிக்கு அப்பால் ரோடு தெரியும். வேறெதுவும் தெரியாது.

அன்றைக்கு டாக்டர் எங்கும் தவறவில்லை. வேறு எதையும் நினைக்கப் பிடிக்காமல் ரோட்டை மட்டும் பார்த்தார். கடைசி வளைவில் நஞ்சப்பனை உள்பக்கமாக முந்தினார்.

“அட, தர்பூசணி போகுதுங்க!” என்று கத்தினார் நஞ்சப்பன்.

டாக்டர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆறு மாதமாக இங்கே அவருக்கு அதுதான் பேர். தொந்தியைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டைக்கூடக் குறைத்துப் பார்த்தார். தொந்தி குறைந்தது. பேர் போகவில்லை.

அவர்தான் முதலாவது. இந்த மாடியில் அவர் ஜெயிப்பது இதுவே முதல் தடவை.

எல்லாரும் கை தட்டினார்கள். டாக்டர் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. இதை வீட்டில் போய் யாரிடம் சொல்வது என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

“இப்பவாவது சொல்லுங்க மாஸ்டர். எது நிஜம்?”

“வெளிய வந்து பாருங்க.”

டாக்டர் எழுந்து வாசலுக்குப் போனார். மாடிப்படி இருந்தது. கீழே டயர் அடுக்கி வைத்திருந்தார்கள். திரும்பி வந்தார்.

“வெளிய ஒண்ணும் இல்லையே.”

“அங்க இல்லைங்க. வண்டிக்கு வெளிய.”

ரேஸ் முடிந்ததும் அதைச் சுவரில் இருக்கிற பெரிய திரையில் போட்டு, மேலே இருந்தும் பக்கத்தில் இருந்தும் காட்டுவது அங்கே வழக்கம். எல்லாரும் டீ குடித்தபடி பார்ப்பார்கள். டாக்டர் ஒரு நாளும் நின்றதில்லை. கிளினிக் திறக்க ஓடிவிடுவார்.

இன்றைக்கு நின்றார்.

“என் வண்டி எங்க?”

“தேடுங்க.”

ஒரு சிவப்பு வண்டி போனது. கோழி மயிலோடு நஞ்சப்பனின் நீல வண்டி போனது. ஒரு மஞ்சள் போனது. வெள்ளை வரவே இல்லை.

“வெள்ளையே இல்லையே மாஸ்டர். என்னை விட்டுட்டு எடுத்துட்டீங்களா?”

“ஜெயிச்சது நீங்கதானுங்களே. முதல்ல வர்ற வண்டியைப் பாருங்க.”

முதல் வண்டி வளைவில் திரும்பி நேராக வந்தது.

கிளிப்பச்சை. கூரை முழுக்கச் சிவப்பு.

டாக்டர் திரையைக் காட்டிக் கேட்டார்.

“இது எப்போலேர்ந்து?”

“ஆறு மாசமா இப்படித்தானுங்க வருது” என்றார் மாஸ்டர். “உங்க வீட்டுலயும் சரி, இங்கயும் சரி, உங்க பேரைப் போட்டா இந்த வண்டிதான் வரும்.”

“யாரும் என்கிட்ட சொல்லலையே!”

“தினமும் சொல்லிட்டேதானுங்க இருக்கறோம்!” என்றார் நஞ்சப்பன். “நீங்களே வரைஞ்சதுன்னுல்ல நாங்க நெனச்சோம்.”

டாக்டரின் பாஸ்வேர்ட் தெரிந்த ஆள் உலகத்தில் இன்னும் ஒருவர்தான். அந்தப் பாஸ்வேர்டே அமலியின் பெயர்தான். மாற்ற மறந்திருந்தார்.

மாஸ்டர் படத்தை நிறுத்தினார். பச்சை வண்டி திரை நடுவில் நின்றது.

டாக்டர் கிட்டே போனார். கடைவாய்ப் பல்லைப் பார்க்கிறவர் போலக் குனிந்து, கூரையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

“விதை இல்லையே” என்றார்.

“அதையேதானுங்க நாங்களும் பேசிக்குவோம்” என்றார் நஞ்சப்பன். “இத்தனை அழகா வரைஞ்ச மனுசன் விதை வைக்க மறந்துட்டாரேன்னு.”

டாக்டர் சாக்ஸோடு வெளியே ஓடினார். பாதிப் படி இறங்கி, அங்கேயே நின்று போன் போட்டார்.

அமலி எடுத்தாள். அந்தப் பக்கம் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“சொல்லுங்க.”

“அமலி, விதை வைக்காம விட்டிருக்கே.”

டேப் சத்தம் நின்றது.

“அது உங்க வேலைதானே” என்றாள் அமலி.