கட்டியவரே பால் காய்ச்ச வேண்டும்

செங்குன்றை நாட்டு மன்னர் மார்த்தாண்ட கேசரிக்குப் புதுசு என்றால் உயிர். புதுச்செருப்பு கடித்துக் காலெல்லாம் கொப்புளம் போட்டாலும் பழையதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்படிப்பட்டவருக்குக் கட்டட அதிகாரி சிற்சபேசர், தான் ஊர் நடுவே கட்டிய புது மாளிகையைச் சுற்றிக் காட்டினார். வழவழவென்று வெள்ளைச் சுவர், வாசலில் வர்ணம் பூசிய தூண்கள். மன்னர் சொக்கிப் போனார்.

"ஊரில் இருக்கிற எல்லா வீட்டையும் இடித்துவிட்டு இதேபோலக் கட்டினால் என்ன?" என்று சபையில் கேட்டார்.

"கட்டிவிடலாம் மன்னா. பழசெல்லாம் உளுத்துப் போனவை" என்றார் சிற்சபேசர்.

விகடம் பேசிச் சம்பளம் வாங்கும் தாண்டவராயருக்குத்தான் சிக்கல். அவர் குடியிருப்பது பழைய வீடு. மனைவி உண்ணாமுலையின் பூட்டனார் கட்டியது, அவளுக்குச் சீதனமாக வந்தது. அதை இடிக்கப் போகிறார்கள் என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது? மன்னரின் கோபத்தையும் மனைவியின் கோபத்தையும் மனசுக்குள் எடை போட்டுப் பார்த்தார். மன்னரே பரவாயில்லை என்று தோன்றியது.

"பழசு பலமாகவும் இருக்கலாம் மன்னா" என்று எழுந்தார். "மலைக்காரன் காளிங்கன் நம் ஊரிலேயே மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு வீடு கட்டியிருக்கிறான். அதுவும் பலமாக இருக்கலாம். பார்க்காமல் இடிப்பானேன்?"

மன்னரின் மீசை துடித்தது. "சரி. மரத்தடி வீடு, உமது பழைய வீடு, இந்தப் புது மாளிகை. எது உறுதி, எது இல்லை என்று நாளைக்கே காட்டும். ஆனால் நீர் சுவரைத் தொடக் கூடாது, சுரண்டக் கூடாது, ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது. முடியாவிட்டால் முதலில் இடிபடுவது உமது வீடுதான்."

சிற்சபேசர் சால்வையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டார். தாண்டவராயர் வீட்டுக்குப் போகிற வழியில் யானைப்பாகனோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை மன்னர் முன்னால் வந்து கும்பிட்டார். "பால் காய்ச்சித்தானே மன்னா வீடு குடிபோகிறோம்? மூன்று வீட்டிலும் இன்றைக்குப் பால் காய்ச்சட்டும். கட்டியவரே உள்ளே உட்கார்ந்து காய்ச்ச வேண்டும். பொங்கி வழியும்வரை வெளியே வரக் கூடாது. அந்த நேரத்தில் நமது பட்டத்து யானை வந்து அந்த வீட்டுச் சுவரில் முதுகு தேய்த்துக்கொள்ளும்."

கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த யானை முதுகு அரிக்கிறது என்று தேய்த்ததில்தான் போன மாதம் சுங்கச்சாவடி தரைமட்டமானது.

"சுவரைத் தொடக் கூடாது என்றேனே?" என்றார் மன்னர்.

"நான் தொட மாட்டேன் மன்னா. யானைக்குத் தாங்கள் நிபந்தனை போடவில்லையே."

முதலில் மரத்தடி வீடு. காளிங்கன் உள்ளே போய் அடுப்பு மூட்டினான். தெருக்கோடியில் யானை மணி கணகணவென்று கேட்டது.

"காளிங்கா, யானை வருகிறது. பயமாக இல்லையா?" என்று மன்னர் வெளியிலிருந்து கேட்டார்.

"எங்க மலையில தெனம் வந்து தேய்க்கிறதுதான் சாமி. வெரட்டுறதுதான் பெரும்பாடு" என்றது குரல். யானை வந்து சேருமுன்பே பால் பொங்கிவிட்டது. மணியோசை அடுத்த தெருவுக்குத் திரும்பியது.

அடுத்தது பழைய வீடு. கட்டிய பூட்டனார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பதிலாகத் தாண்டவராயர்தான் போக வேண்டும். யோசனை சொன்னவரே அவர்தான். வாசற்படியில் கால் வைத்தார்.

"நீங்க எங்க வர்றீங்க? நான் பாலை அடுப்புல ஏத்தியாச்சு" என்று உள்ளிருந்து உண்ணாமுலை கேட்டாள். "எங்க பூட்டன் கட்டின வீட்டுல நான் இருக்கேன். நீங்க அந்தப் பாகன்கிட்ட சொல்லுங்க, மேற்குப் பக்கமாத் தேய்க்கச் சொல்லி. கிழக்குச் சுவரோரம் வடகம் காயுது."

தாண்டவராயருக்குப் பெருமையாக இருந்தது. அங்கேயும் மணியோசை கிட்டே வருமுன்பே பால் பொங்கியது.

கடைசியில் புது மாளிகை. சிற்சபேசர் பட்டுச் சால்வையோடு உள்ளே போனார். மணியோசை கிளம்பியது. உள்ளே ஒரு இருமல் கேட்டது.

"மன்னா, இன்றைக்கு அஷ்டமி. நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?"

"காய்ச்சும் காய்ச்சும்" என்றார் மன்னர்.

"விறகு ஈரமாக இருக்கிறது மன்னா."

மணி இன்னும் கிட்டே வந்தது. கதவு படீரென்று திறந்தது. பால் பானையைக் கட்டிக்கொண்டு, சால்வையெல்லாம் பால் வழிய, சிற்சபேசர் தெருவில் வந்து விழுந்தார். "யானையை நிறுத்தச் சொல்லுங்கள் மன்னா. சுவர் முழுக்க வெறும் மணல். சுண்ணாம்பு மேற்பூச்சில் மட்டும்தான் இருக்கிறது. தூண்களுக்கு உள்ளே வைக்கோல்."

தெருமுனையில் பாகன் திரும்பினான். தனியாகத்தான் வந்தான். கையில் மணியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தான்.

"யானை எங்கே?" என்றார் மன்னர்.

"அதற்குக் காலில் முள் மன்னா. கொட்டிலில் படுத்து வெல்லம் தின்றுகொண்டிருக்கிறது" என்றார் தாண்டவராயர். "வீட்டைத் தொடாதே என்றீர்கள். அதனால் கட்டியவரைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தேன்."

மன்னர் இடிக்கும் கட்டளையை அங்கேயே ரத்து செய்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயரிடம் நீட்டி, "இதை உமது மனைவியிடம் கொடும். உள்ளே இருந்தது அவள்தான்" என்றார். பிறகு சிற்சபேசர் பக்கம் திரும்பினார். "இந்த ஆளுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?"

"தண்டனை எதற்கு மன்னா? மாளிகையை அவருக்கே பரிசாகக் கொடுத்துவிடுங்கள். மழைக்காலம் முழுக்க அதிலேயே குடியிருக்கட்டும்."

சிற்சபேசர் மன்னர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார். "வேண்டாம் மன்னா, என்னைச் சிறையில் போட்டுவிடுங்கள்."

"மாளிகையைவிடச் சிறை மேலா?"

"ஆமாம் மன்னா. சிறை உங்கள் பாட்டனார் கட்டியது."