பாதிமலைத் தொட்டி

பாறைக் குன்றின் உச்சியில் கோயில். பாதிப் படியில் செங்கமலத்தம்மாவின் மடம். சொத்து என்று சொல்ல அந்த மடத்துக்கு எதுவும் கிடையாது, வாசலில் இருக்கிற கல்தொட்டியைத் தவிர. நாக்கு வறண்டு படியேறி வருகிறவர்கள் அதில்தான் தண்ணீர் மொண்டு குடிப்பார்கள். அடிவாரக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து வந்து அதை நிரப்புவது சீடர்களின் வேலை.

அதற்கு ஒரு விதி இருந்தது. அவரவருக்கு விழிப்பு வந்த நேரத்தில் தனியாகப் போய்ச் சுமந்து வர வேண்டும். எத்தனை குடம் என்று சொல்லக் கூடாது. அடுத்தவரைக் கேட்கவும் கூடாது.

ஒரு காலத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அனந்தப்பர். மற்றவர் தையல்காரர் மாசிலாமணி. இருவருமே அம்மாவைவிட வயதில் மூத்தவர்கள்.

வீட்டைத் துறந்து வருகிறவர்கள் வாயைத் துறக்க மறந்துவிடுகிறார்கள். பங்குனியில் ஒரு நாள், விடிந்த பிறகும் மாசிலாமணி தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த அனந்தப்பருக்கு வார்த்தை தடித்துவிட்டது.

“நான் சுமக்கற தண்ணியில நீ காலம் தள்றே” என்றார்.

மாசிலாமணி எழுந்து பாயைச் சுருட்டினார். அன்றைக்கே இறங்கிவிட்டார்.

அதன் பிறகு அனந்தப்பருக்குக் கூடம் பெரிதாகத் தெரிந்தது. மாசிலாமணியின் குறட்டையை அவர் திட்டாத நாளில்லை. இப்போது அது இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை. பேச ஆளில்லாமல் படியோரம் மேய வந்த மாட்டிடம் பேசினார். அதுவும் எவ்வளவு நேரம்தான் கேட்கும்?

சித்திரை பிறந்ததும் அம்மாவிடம் வந்தார்.

“மாசிலாமணி ஆள் மூலமா சொல்லி அனுப்பியிருக்காருங்கம்மா. நான் ஒரு வார்த்தை வருத்தம்னு சொன்னா திரும்பி வர்றாராம்.”

“சொல்லிருங்களேன்.”

“நான் எதுக்குச் சொல்லணும்? அவர் வரணும்னு எனக்கும் ஆசைதான். தனியாக் கிடக்க முடியலை. ஆனா தப்பு அவருதுதானே? நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், நான் யாரையும் ஏய்ச்சுத் தின்னதில்லை.”

அனந்தப்பர் பேச்சை மாற்றினார்.

“அது கிடக்கட்டும். நம்ம தொட்டி ஒழுகுதுங்கம்மா.”

“அப்படீங்களா?”

“முன்னெல்லாம் நான் ஊத்துற தண்ணி நாள் முழுக்க நிக்கும். இப்பவும் அதே அளவுதான் ஊத்துறேன், உச்சி வெயிலுக்குள்ள தரை தெரியுது. நேத்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி வெறும் சொம்போட திரும்பிப் போச்சு. எங்கேயோ விரிசல் இருக்கு.”

அம்மா அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தார். தொட்டியில் நின்ற தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டார். மேலே பலகையை வைத்து மூடினார்.

“காலையில வரைக்கும் இதுல மொள்ளவும் வேண்டாம், ஊத்தவும் வேண்டாம்.”

மறுநாள் பலகையை எடுத்தார்கள். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

அனந்தப்பர் குனிந்து தொட்டியின் வெளிப்புறத்தைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். கல் காய்ந்திருந்தது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப, மாசிலாமணியும் ஊத்தியிருக்கார்.”

“ஆமாங்க.”

“விடிஞ்சப்புறமும் தூங்கிட்டிருந்தாரேம்மா.”

“நடுச்சாமத்துல போய்ச் சுமக்கறவருக்கு அப்பத்தானே தூக்கம் வரும்?”

“ஒரு வார்த்தை சொல்லலையே.”

“போறப்ப என்கிட்டச் சொன்னார். ‘எல்லாருக்கும் சேர்த்து நான் ஒருத்தன்தான் சுமந்தேன்’னு.”

அனந்தப்பர் துள்ளி எழுந்தார். “அது பச்சைப் பொய்! என் தோளைப் பாருங்க, காய்ச்சுப் போயிருக்கு.”

“அவருக்கும் காய்ச்சிருந்தது. முன்னாடி போனவங்களும் இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க.”

“அதெப்படி? யாராவது பொய் சொல்லியிருக்கணுமே.”

“ஒருத்தரும் சொல்லலைங்க. பொய்யின்னு தெரிஞ்சிருந்தா, வெட்கப்பட்டாவது யாராவது போகாம நின்னிருப்பாங்க.”

அனந்தப்பர் கீழே இறங்கும் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னிக்கே இறங்கறேன். கால்ல விழுந்தாவது அவரைக் கூட்டிட்டு வந்துடறேம்மா.”

“போயிட்டு வாங்க.”

நாலு படி இறங்கியவர் கவலையோடு திரும்பி வந்தார்.

“நான் இல்லாம தண்ணிக்கு என்னம்மா பண்ணுவீங்க? தொட்டி காஞ்சு போயிடுமே?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் தினமும் சுமக்கறதை இன்னிக்கும் சுமக்கறேன்.”

“நீங்களும் சுமக்கறீங்களா?” அனந்தப்பர் விதியை மறந்து கேட்டார், “எவ்வளவும்மா?”

அம்மா சிரிப்பை நிறுத்தினார். தொட்டியைப் பார்த்தபடி சொன்னார்.

“பாதிக்கு மேலேயே இருக்கும்னுதான் எனக்கும் தோணுது.”