காட்டிவிட்டுக் கொடுத்த கஞ்சி

கோணவாய்க்கால்பட்டிக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. செதுக்க வந்தவர்கள் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டே கல்லைத் தேடினார்களாம். அந்த ஊரில் வீரணன், ஒச்சப்பன், சிவனாண்டி என்று மூன்று அண்ணன் தம்பிகள். நடுவில் பிறந்த ஒச்சப்பனின் மனைவி பவுனுத்தாய்க்கு அப்போது நிறைமாதம்.

ஊரே மருந்து சொன்னது. ஒருத்தி பச்சிலை உருண்டை கொண்டுவந்தாள். ஒருத்தி கஷாயம் காய்ச்சினாள். சந்தையில் ஒருவன், பிள்ளை சிவப்பாய்ப் பிறக்குமென்று லேகியமே கொடுத்தான். அண்ணன் தம்பி மூவரும் லேகியத்தைத் தூக்கிக்கொண்டு நான்கு மைல் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸம்மா முகர்ந்து பார்த்தார்.

"இதெல்லாம் கொடுத்துத் தொலைச்சிராதீங்க. இனிமே அந்தப் பொண்ணுக்கு எதைக் கொடுத்தாலும் முதல்ல எங்கிட்டக் காட்டிட்டுக் கொடுங்க."

"நமக்குக் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லலியே" என்றான் சிவனாண்டி. வழியிலேயே மூவரும் அதைத் தின்று தீர்த்தார்கள். மூன்று நாள் வாந்தி.

"மசக்கைதான்" என்று வீரணன் தம்பிகளுக்குத் தைரியம் சொன்னான். "அஞ்சாம் மாசம் நின்னுரும்."

நான்காம் நாள் பவுனுத்தாய், "பசி கண்ணைக் கட்டுது. அந்தக் கஞ்சிச் சட்டியை எடுத்துக் கொடுங்க" என்றாள். ஒச்சப்பன் சட்டியில் கை வைத்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணே, கொடுக்கச் சொல்றா."

"கஞ்சியும் வயித்துக்குள்ளதானே போகுது? காட்டாம எப்படிக் கொடுக்கறது?"

சட்டி நான்கு மைல் போனது. "கஞ்சிதானே, போய்க் கொடுங்கப்பா" என்றார் நர்ஸம்மா. திரும்பி வருவதற்குள் வெயிலில் கஞ்சி புளித்துவிட்டது. வீரணன் விரலை விட்டு நக்கிப் பார்த்தான்.

"நாம காட்டினது புளிக்காத கஞ்சி. இது வேற."

மறுபடியும் கிளம்பியவர்களைப் பவுனுத்தாய் வழிமறித்தாள்.

"தலைச்சன் பிள்ளையைப் பட்டினியிலேயே கொன்னுருவீங்க. வண்டியைப் பூட்டுங்க. நானே அங்க வந்து உக்காந்துக்கறேன்."

அப்படியே ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். அங்கே வேலை சுலபமாகிவிட்டது, காட்டுவார்கள், கொடுப்பார்கள். நடுவில் நர்ஸம்மா தும்மினால், கண்ணை மூடியதில் பார்த்திருக்க மாட்டார் என்று தண்ணீர்ச் செம்பை மறுபடி காட்டுவார்கள்.

அங்கே போன ஐந்தாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா அதைத் துணியில் சுற்றி ஒச்சப்பன் கையில் வைத்தார்.

"இந்தாப்பா, கொண்டுபோய் அவகிட்டக் கொடு."

ஒச்சப்பன் இரண்டடி நடந்தான். நின்றான். திரும்பி வந்து, துணியை விலக்கிக் குழந்தையைக் காட்டினான்.

"இதைக் கொடுக்கலாங்களாம்மா?"

"கொடுப்பா. அவ காத்துக்கிட்டிருக்கா."

ஒச்சப்பனுக்கு மூச்சு வந்தது. பின்னாலிருந்து வீரணன் பொறுப்பாகக் கேட்டான்:

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"