பூவராகனின் மொட்டைமாடி லாவண்டர்

குளிர்தேசத்து வாசனைச் செடியான லாவண்டரை வேலூர் வெயிலில் வளர்த்த ஒரே மனிதர் பூவராகன். சொன்னது யார் என்று கேட்காதீர்கள், அவரேதான். முப்பது வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அடுத்தவர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதியவர், ஓய்வு பெற்ற மறுநாளே சொந்தமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அடுக்குமாடியின் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். விஷயம் ஒன்றே ஒன்றுதான். பூவராகனின் எதிர்வீட்டுக்காரி லீலாவதியின் சமையலறைக் கூரை ஒழுகுகிறது. அதற்கு நேர் மேலே மொட்டைமாடியில் பூவராகனின் நாற்பது தொட்டிகள். தூக்குவதா, விடுவதா?

பூவராகனுக்கு உள்ளூரக் கவலைதான். மனைவி செண்பகவல்லி அவர் பேச்சைக் காதில் வாங்குவதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. இப்போதுகூடப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அவர் பேசுவதை எதிர்த்துப் பேசாமல் கேட்பது அந்தச் செடிகள் மட்டும்தான். அவையும் போய்விட்டால் காலையில் எழுந்து யாரிடம் பேசுவது? ஆனால் கலக்கத்தை வெளியே காட்டுகிற ஆளா அவர்!

"அது சாதாரணச் செடின்னு நெனைக்காதீங்க. ஒரு தடவ நட்டா பேரன் காலம் வரைக்கும் நிக்கும். கத்திரி வெயில்ல நான் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் மாடிக்குப் போனேன். அவ்வளவு குளிர்ச்சி!"

"நான் உங்கள பனியனோடதான பாத்தேன்?" என்றார் சங்கச் செயலாளர் சகாயராஜ்.

"அது இறங்கி வரும்போது. ஊட்டித் தேனீ எல்லாம் வாசனை புடிச்சு வந்துடுச்சு சார். இவ்வளவு தூரம் பறக்க முடியுமா? காட்பாடியில ரயில விட்டு இறங்கி, அங்கேருந்து ஷேர் ஆட்டோ."

கூட்டம் சிரித்தது. சிரித்தால் பாதி ஜெயித்த மாதிரி. பூவராகன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பக்கத்துத் தொட்டியில ரோஸ்மேரி, முடி வளர்றதுக்குத் தடவுவாங்களே, அதான். அந்த இலையக் கொதிக்க வெச்ச தண்ணி, உரிச்ச தேங்காய் மேல ரெண்டு சொட்டு பட்டுடுச்சு. காலையில பாத்தா தேங்காய்க்கு மறுபடி நார் முளைச்சிருக்கு! திரும்ப உரிச்சுத்தான் சட்னி அரைச்சோம்."

சகாயராஜ் அவருடைய வழுக்கையை நிதானமாகப் பார்த்தார். "நீங்க தடவலையா சார்?"

"கேக்குறவங்களுக்கெல்லாம் குடுத்தே தீந்துபோச்சு. நமக்குன்னு எடுத்து வெச்சுக்குற பழக்கம் நம்ம பரம்பரையிலயே கிடையாது."

லீலாவதி சிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து அவர் எதிரே வைத்தாள். பாதி வாளி கலங்கல் தண்ணீர், மேலே இரண்டு சருகு.

"நேத்து ஒரு நாள் சொட்டுனது. ரசம் கொதிக்குது, அதுலயே விழுது. உங்க தொட்டித் தண்ணிதான இது?"

"தண்ணியா? லாவண்டருக்குத் தண்ணியே ஆகாதும்மா. நான் ஒரு சொம்பு ஊத்தி மூணு வருஷம் ஆச்சு. ஏலகிரியிலேருந்து பனிய அதுவே இழுத்துக்கும்."

"அப்ப இது?"

பூவராகன் வாளிக்குள் விரலை விட்டுப் பயபக்தியோடு முகர்ந்தார். "தைலம்! சுத்தமான லாவண்டர் தைலம். செடியில ஊறி, காங்கிரீட்ல வடிகட்டி இறங்குது. ரசத்துல விழுந்தா ஆயுசு கூடும். நீங்க குடுத்து வெச்சவங்க, லீலாவதிம்மா."

இதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்க முடியாது என்று அவருக்கே பெருமையாக இருந்தது. தொட்டிகள் தப்பின என்றே நினைத்தார்.

லீலாவதி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இவ்வளவு புண்ணியத்த நான் ஒருத்தியே அனுபவிக்கிறது நியாயமில்ல. நாற்பது தொட்டியையும் இன்னிக்கே உங்க வீட்டுச் சமையலறைக்கு மேல நகத்தி வெச்சுடலாம். தைலம் உங்க ரசத்துல விழட்டும்."

"நல்ல யோசனை," என்றார் சகாயராஜ். கைகள் மளமளவென்று உயர்ந்தன. பூவராகனுக்கும் வேறு வழியில்லை. தொட்டிகள் பிழைத்தால் போதும் என்று அவரும் கையைத் தூக்கினார்.

அப்போதுதான் செண்பகவல்லி கீரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"ஐயையோ, நம்ம வீட்டு மேலயா? வேணாங்க. தினம் பத்துக் குடம் ஊத்துறீங்க, ஒழுகித் தொலைக்கும்."