இலை மாற்றும் கை

“சிவன் குடியிருக்கும் உடம்பு இது. இதில் கைவைத்த பகைவன் யார் தாயே? காட்டுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் ஆவுடையப்பர்.

ஆற்றங்கரை மடத்தின் வாயிலைக் காப்பவர் அவர், தலை நரைத்தவர். அவருக்குக் குருவான பூங்கோதை அம்மையோ வயதில் அவருடைய மகளைப் போன்றவர்.

அம்மையின் உடலெங்கும் கொப்புளங்கள் எழுந்து உடைந்துகொண்டிருந்தன. துணி பட்டாலே தோல் உரிந்தது. ஆகவே எண்ணெய் தடவிய வாழையிலையின்மேல் கிடத்தியிருந்தார்கள்.



“புஷ்பம் எங்கே?” என்றார் அம்மை.

இலை விரிப்பவள் தங்கபுஷ்பம். தோல் கிழியாமல் அம்மையைப் புரட்டத் தெரிந்த கை மடத்தில் அவளுடையது ஒன்றுதான்.

“போய்விட்டாள்.”

“தானாகவா?”

ஆவுடையப்பர் தயங்கினார். “அவள் கையெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்திருக்கிறது தாயே. அந்தக் கை தொட்டுத்தான் உங்களுக்கு இது வந்தது. காலையில் வெளியே அனுப்பினேன். அழுதாள். கதவைச் சாத்திவிட்டேன்.”

அம்மை கண்களை மூடிக்கொண்டார்.

மாலையில் தோல் மருத்துவர் வந்தார். பரிசோதனையின் முடிவு அவர் கையில் இருந்தது.

“வெளியிலிருந்து எதுவும் வரவில்லை பெரியவரே. கிருமியைப் பிடிப்பதற்காக உடம்பு எதிர்ப்பொருள் என்று ஒன்றைச் செய்து இரத்தத்தில் அனுப்பும். இந்த அம்மாவுக்கு அது, தோலின் அணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பசையையே பகை என்று எண்ணித் தாக்குகிறது.”

“காவல்காரனே வீட்டை இடிப்பானா? நல்ல கதை! நானும் வாலிபம் முதல் வாயிலில்தான் நிற்கிறேன்.”

“இடிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாதே ஐயா.”

ஆவுடையப்பரின் குரல் இறங்கியது. “புஷ்பத்தின் கையில் இருக்கும் வெள்ளை?”

“அங்கேயும் காவல் அணுக்கள்தாம். தோலுக்கு நிறம் தரும் அணுக்களை அழித்துவிட்டன. அது யாருக்கும் ஒட்டாது. மருந்து தருகிறேன், அது காவலை உறங்கவைக்கும். பிறகு எந்தக் கிருமியும் எளிதில் உள்ளே வரும். இனித் தோல் உரிந்தால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பெண்ணையே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.”

ஆவுடையப்பர் செருப்பையும் மறந்து ஓடினார்.

விளக்கேற்றும் வேளையில் திரும்பி வந்தார்.

“வீடு பூட்டியிருக்கிறது தாயே. பேருந்து ஏறிப் போய்விட்டாளாம். எந்த ஊருக்கென்று ஒருவருக்கும் தெரியவில்லை.”

அவர் அம்மையின் காலடியில் அமர்ந்தார்.

“உங்களைத் தாக்குகிறவற்றின்மேல் உங்களுக்குச் சினமே இல்லையா?”

“என்னைக் காப்பதாகவே அவை எண்ணியிருக்கின்றன ஐயா. உறக்கமும் இல்லாமல் உழைக்கின்றன. எப்படிச் சினப்பேன்?”

“அப்படியானால் மன்னித்துவிட்டீர்களா?”

“மருத்துவர் சொன்னபோதே மன்னித்துவிட்டேன். கொப்புளம் நிற்கவில்லை.”

இலை காய்ந்து சுருளத் தொடங்கியிருந்தது.

“மாற்றுங்கள்” என்றார் அம்மை.

“என் கையாலா?”

“இருப்பது அதுதானே.”

அவர் புதிய இலையைத் துடைத்து எண்ணெய் தடவினார். மூச்சை அடக்கிக்கொண்டார். பூசைக்குரிய மலரை எடுப்பதிலும் மென்மையாக, அம்மையின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினார்.

அம்மை உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அவர் கையை எடுத்தபோது, அம்மையின் தோல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.